பரம்பரை ரத்த உறைவுக் குறைபாடுகளுக்கான பரிசோதனை: வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தம் உறைவதில் பரம்பரையாக வரும் குறைபாடுகள் இரு வகைப்படும். உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது முதல் வகை. உறையக் கூடாத இடத்தில், அதாவது ரத்தக் குழாய்க்குள்ளேயே, கட்டி உருவாவது இரண்டாம் வகை. ஹீமோஃபீலியா, வான் வில்லிபிராண்ட் நோய், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைகாரணிகளின் அரிதான குறைபாடுகள், தட்டணுக்களின் (பிளேட்லெட்) செயல் குறைபாடுகள் ஆகியவை முதல் வகையில் அடங்கும். உறைவை மட்டுப்படுத்தும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் குறைவும், ஃபேக்டர் ஃபைவ் லைடன் போன்ற மரபணு மாற்றங்களும் இரண்டாம் வகை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. இரண்டாம் வகைக்குத் தனியாக ஒரு படி பின்னால் வருகிறது.

ரத்தச் சர்க்கரை பார்ப்பதற்கும் உறைவுச் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே அளக்கப்படுவது ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமன்று, குழாய்க்குள் அடைபட்ட அந்த ரத்தத்துக்கு உறையும் திறன் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்பதும்தான். ஊசி குத்திய விதம், குழாய் நிரம்பிய அளவு, வழியில் பட்ட வெயில், சென்ற வாரம் விழுங்கிய வலி மாத்திரை, சோதனைக்கு முன் குழந்தை அழுத அழுகை ஆகிய ஒவ்வொன்றும் முடிவை மாற்ற வல்லவை. கருவி தவறு செய்வது அபூர்வம். கருவியை அடையும் முன்பே பாதிச் சோதனை கெட்டுப்போவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஆகவே ரத்தம் எடுப்பதற்கு முந்தைய படிகளை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் படி: யாருக்குச் சோதனை தேவை

முகம் மழிக்கும்போது பட்ட கீறலில் சற்று நேரம் ரத்தம் வருவதெல்லாம் குறைபாடு ஆகாது. கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் கசிவது. தடுப்பூசி போட்ட தொடையில் பெரிய வீக்கம் கட்டிக்கொள்வது. தவழவும் நடக்கவும் தொடங்கும் வயதில் முழங்காலோ கணுக்காலோ தக்க காரணமின்றி வீங்கிச் சூடாவது. மூக்கில் வழியும் ரத்தம் அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் அடிக்கடி திரும்புவது. பல் பிடுங்கிய பள்ளத்தில் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மீண்டும் ரத்தம் ஊறுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நம் பக்கத்தில் பல குழந்தைகளின் உடலில் விழும் முதல் காயம் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதாகவோ, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் சுன்னத்தாகவோ இருக்கிறது. அன்று நிற்காத ரத்தம், ஒரு குடும்பத்தில் இந்த நோய் இருப்பதற்கு முதல் தடயமாக அமைந்துவிடக் கூடும். அப்போது மஞ்சளையோ காப்பித்தூளையோ அப்பிவிட்டு, எப்படியோ நின்றுவிட்டது என்று விடுவது நல்லதன்று. அடுத்த முறை கசிவு மூளைக்குள் நேரலாம்.

பெண்களின் அறிகுறிகள்தான் அதிகம் தவறவிடப்படுகின்றன. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீள்வது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, ஓர் அங்குலத்துக்கும் பெரிய கட்டிகள் வெளிப்படுவது, மகப்பேற்றுக்குப் பிறகு வாரக்கணக்கில் ரத்தப்போக்கு நீடிப்பது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். "எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால், அந்த வாக்கியத்தை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் குடும்ப வரலாறாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவர்கள் இவற்றுக்கு மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வளர்ந்த ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 6, குழந்தைகளுக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆய்வகச் சோதனை தேவை என்று கொள்ளப்படுகிறது. மதிப்பெண்ணைவிடக் கசிவின் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூட்டிலும் தசையிலும் ஆழமாகக் கசிந்தால் உறைகாரணிக் குறைவையும், மூக்கு, ஈறு, மாதவிடாய், தோலில் நீலத்தடிப்பு என்று மேலோட்டமாகக் கசிந்தால் தட்டணுக்களையும், அவை காயத்தில் ஒட்ட உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் படி: குடும்ப மரம்

மருத்துவமனைக்குப் போகும் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறையை வரைந்துகொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பாதிக்கப்பட்டவருக்குக் கறுப்பாக நிரப்பிய குறி, சொந்தத்துக்குள் மணந்தவர்களுக்கு இரட்டைக் கோடு. தாயின் உடன்பிறந்தவர்கள், அம்மாவழிப் பாட்டி, அந்தப் பாட்டியின் அண்ணன் தம்பிகள் ஆகியோரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சிறு வயதிலேயே இறந்துபோன ஆண் குழந்தைகளை விட்டுவிடக் கூடாது. "கீழே விழுந்து மண்டையில் ரத்தம் கட்டிப் போய்விட்டான்", "கால் வீக்கத்திலேயே படுத்த படுக்கையாகிவிட்டான்" என்று வீட்டுப் பெரியவர்கள் போகிற போக்கில் சொல்வது, பல சமயங்களில் ஆய்வகம் தேடும் விடையாகவே இருக்கும். இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, வீட்டில் மிக மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து கேட்பதுதான் சரியான வழி.

இந்த மரம் எதற்கு என்பதை ஹீமோஃபீலியாவை வைத்துப் பார்க்கலாம். ஹீமோஃபீலியா ஏ என்பது 8ஆம் உறைகாரணியின் குறைவு. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. ஹீமோஃபீலியா பி என்பது 9ஆம் காரணியின் குறைவு. அது இன்னும் அரிது. 1952இல் இங்கிலாந்தில் அதைத் தனி நோயாகப் பிரித்தறிந்தபோது, ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவனின் பெயரால் அதற்குக் கிறிஸ்மஸ் நோய் என்ற பெயர் அமைந்தது. இரண்டின் மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள தந்தையின் மகன்களுக்கு அவரிடமிருந்து நோய் வராது. மகள்கள் அனைவரும் கேரியர்களாக, அதாவது பழுதுள்ள மரபணுவைச் சுமப்பவர்களாக, இருப்பார்கள். கேரியரான தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பும், ஒவ்வொரு மகளும் கேரியராக ஐம்பது விழுக்காடு வாய்ப்பும் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இது இருந்திராது. ஆகவே வெறுமையான மரம் நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நம் உறவுமுறைத் திருமணங்கள் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹீமோஃபீலியா உள்ள ஓர் ஆண் தன் தாயின் அண்ணன் மகளை மணக்கிறார், அந்த மாமனுக்கு நோய் இல்லை என்று கொள்வோம். அந்தப் பெண் தன் தந்தையிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோம் பழுதற்றது என்பதால், வேறு வழியில் உறவு பின்னியிராத வரை, அவள் கேரியராக இருக்கக் காரணமில்லை. அதே ஆண் தன் அக்காள் மகளை மணந்தால் நிலைமை வேறு. தாய் கேரியர் என்றால் அக்காள் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பும், அவள் மகளுக்குக் கால் வாய்ப்பும் இருக்கிறது. அந்த மணமகள் கேரியராக அமைந்துவிட்டால், பிறக்கும் மகன்களில் மட்டுமல்லாமல் மகள்களிலும் பாதிப் பேருக்கு ஹீமோஃபீலியா வரலாம். பெண்களுக்கு இந்த நோய் வராது என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. இத்தகைய திருமணங்களில் அந்தப் பேச்சு பொய்த்துப்போகும். நோயுள்ள குடும்பத்தில் இப்படிச் சம்பந்தம் பேசுபவர்கள், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பெண்ணுக்குக் கேரியர் சோதனை செய்துகொள்வது நலம்.

7, 10, 13ஆம் காரணிகளின் குறைவு, உறைகட்டியின் இழையாக மாறும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் இல்லாமை, கிளான்ஸ்மன் எனப்படும் தட்டணு நோய், வான் வில்லிபிராண்ட் நோயின் மூன்றாம் வகை ஆகியவை எக்ஸ் குரோமோசோமைச் சாராதவை. தாய், தந்தை இருவரும் அறிகுறியில்லாமல் ஒரே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று எந்தச் சொந்தமாக இருந்தாலும் இந்த வாய்ப்பு கூடும். ஆகவே இரட்டைக் கோடு உள்ள மரத்தைப் பார்க்கும் மருத்துவர், வழக்கமான இரண்டு சோதனைகளோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

மூன்றாம் படி: நாளும் மருந்தும் உணவும்

வான் வில்லிபிராண்ட் புரதமும் 8ஆம் காரணியும் காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கடும் உடலுழைப்பு, பதற்றம் ஆகியவற்றின்போது உயரும். குறைவாக இருக்க வேண்டிய அளவு அன்றைக்கு மட்டும் இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். காய்ச்சல் உள்ள நாளில் போகாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எடுத்த அளவை இறுதியானதாகக் கொள்ளாமல், மகப்பேறு முடிந்து ஆறு வாரமாவது கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து நேராக ஊசிக்குக் கை நீட்டாமல், கால் மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள்.

ஆஸ்பிரின் கலந்த மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையை ஏழு முதல் பத்து நாள் வரை கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இந்தச் சோதனையைப் பாதிக்கும். தட்டணுச் சோதனைக்கு நாள் குறித்தவுடன் வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் இதயத்துக்கோ காலில் கட்டிய ரத்தத்துக்கோ தரப்பட்ட மருந்தைச் சோதனைக்காகத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருந்தை எழுதிக் கொடுத்தவர்.

உறைகாரணிச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. பூரியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கலங்கி, ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் தடுமாறும். இரண்டு இட்லி போதும். தட்டணுச் சோதனைக்கு வெறும் வயிற்றில் வருவதே நல்லது.

நான்காம் படி: ரத்தம் எடுத்தல்

உறைவுச் சோதனைக்கு வெளிர்நீல மூடிக் குழாயே பயன்படும். அதில் 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே ஊற்றப்பட்டிருக்கும். 2.7 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லி சிட்ரேட் என்ற ஒன்பதுக்கு ஒன்று கணக்கு தவறக் கூடாது, குழந்தைகளுக்கு 1.8 மில்லிக்கு 0.2 மில்லி என்ற சிறிய குழாய்கள் உண்டு. குழாயின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும், ரத்தம் அதுவரை வர வேண்டும். குழந்தையின் நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால், மிஞ்சிய சிட்ரேட் சோதனையில் சேர்க்கப்படும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் பொய்யாக நீளும். இல்லாத நோய் இருப்பதாக வரும் ரிப்போர்ட்டுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கோட்டைத் தொடாத குழாயைக் கண்டால், வேறு குழாயில் எடுக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊசியை உள்ளே விட்டுத் துழாவினால் திசுவிலிருந்து கசியும் பொருள் குழாய்க்குள்ளேயே உறைவைத் தொடங்கிவைத்துவிடும்; அப்படி நேர்ந்தால் மறு கையில் புதிதாக எடுப்பதே சரி. நீண்ட பிளாஸ்டிக் குழல் கொண்ட பட்டாம்பூச்சி ஊசியானால், குழலில் உள்ள காற்று முதல் குழாயின் அளவைக் குறைக்கும் என்பதால் ஒரு குழாயை வீணாக்கிவிட்டு அடுத்ததில் பிடிப்பார்கள். ஊதா மூடிக் குழாயை நிரப்பிய பின் நீல மூடிக்கு வரக் கூடாது; ஊதாக் குழாயின் ரசாயனம் துளி ஒட்டினாலும் முடிவு கெடும். நிரப்பியதும் குழாயை மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் தட்டணுக்கள் உடையும்.

சந்தேகம் உள்ளவருக்கு ஊசி எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது நம் கடமை. பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு போவது போதாது.

அவசரப் பிரிவில் ரத்தப்போக்கோடு சேர்க்கப்படும் குழந்தைக்கு, பிளாஸ்மாவோ ரத்தமோ ஏற்றுவதற்கு முன் ஒரு நீலக் குழாய் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் தந்தவரின் காரணிகளைத்தான் அளந்துகொண்டிருப்போம். இதற்காகச் சிகிச்சை தாமதப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: குழாயின் பயணம்

என் கருத்தில் நம் மாவட்டங்களில் அதிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஏ.பி.டி.டி. சோதனைக்கும் உறைகாரணிச் சோதனைக்குமான ரத்தத்தை எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் அறை வெப்பத்திலேயே சோதித்துவிட வேண்டும், அல்லது தட்டணுக்கள் நீங்கும்படி சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். அறை வெப்பம் என்று நூல்கள் சொல்வது 18 முதல் 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். போளூரிலோ பேரணாம்பட்டிலோ காலையில் எடுத்த குழாய், மாதிரி சேகரிப்பவரின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மாலையில் ஆய்வகம் வந்து சேர்ந்தால், எளிதில் அழியும் 5, 8ஆம் காரணிகள் அதற்குள் குறைந்திருக்கும். வெயிலுக்குப் பயந்து ஐஸ் பெட்டியில் வைப்பதும் தவறு: குளிர்ந்த முழு ரத்தத்தில் 8ஆம் காரணியும் வான் வில்லிபிராண்ட் புரதமும் சரிய, 7ஆம் காரணி தூண்டப்பட்டு வேறு குழப்பம் செய்யும்.

ஆகவே பரம்பரை நோய்க்கான சோதனை என்றால் குழாயை அனுப்பாதீர்கள், ஆளே போங்கள். சோதனை நடக்கும் கட்டடத்திலேயே ரத்தம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. பிற மாநிலங்களிலிருந்து காட்பாடி சந்திப்பில் வந்திறங்கி நோயாளிகள் வரும் ஊரில், குடியாத்தத்துக்காரர் குழாயைக் கொடுத்தனுப்ப வேண்டிய அவசியமில்லை.

எங்கே போவது என்பதில் குழப்பம் வரலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நகருக்குள் உள்ள பழைய வளாகமும், 2022இல் திறக்கப்பட்ட ராணிப்பேட்டை வளாகமும் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் இல்லை என்பதால், முன்பதிவுச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள். திருவண்ணாமலைச் சாலையில் அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆய்வகத்தை நாடினால், உறைவுச் சோதனைகளுக்கு வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் (ஆய்வகத்தின் முடிவுகள் சரியா என்று வெளி அமைப்பு ஒன்று சோதிக்கும் ஏற்பாடு) சேர்ந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நாட்டின் பல ஆய்வகங்களுக்கு அத்தகைய திட்டத்தை நடத்தும் அமைப்பு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலேயே இருப்பதால், இங்குள்ள ஆய்வகத்துக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

ஆறாம் படி: முதற்கட்டச் சோதனைகள்

அறுவை சிகிச்சைக்கு முன் சிறிய ஆய்வகங்களில் செய்யும் பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் இரண்டும் இயல்பு என்ற சீட்டை வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. உறைகாரணி மிக மிகக் குறைந்தால்தான் கிளாட்டிங் டைம் நீளும். மிதமான, லேசான நோய்கள் அதில் அகப்படுவதில்லை.

முறையான முதற்கட்டம் என்பது தட்டணு எண்ணிக்கையோடு முழு ரத்தச் சோதனை, நுண்ணோக்கியில் ரத்தப் பூச்சு, உறையும் நேரத்தை இரு வழிகளில் அளக்கும் புரோத்ராம்பின் டைம், ஏ.பி.டி.டி., ஃபைப்ரினோஜென் அளவு ஆகியவை. புரோத்ராம்பின் டைம் மட்டும் நீண்டால் 7ஆம் காரணியையும், ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால் 8, 9, 11, 12ஆம் காரணிகளையும், இரண்டும் நீண்டால் 2, 5, 10ஆம் காரணிகளையும் ஃபைப்ரினோஜெனையும் நோக்கிக் கை நீளும். 12ஆம் காரணி குறைந்தால் ஏ.பி.டி.டி. மிரட்டும் அளவுக்கு நீளும், ஆனால் ரத்தம் கசியாது. தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு வீட்டையே கலங்கவைக்கும் குறைபாடு இது. கல்லீரல் நோயும் வைட்டமின் கே குறைவும் இதே முடிவுகளைத் தரும் என்பதால், பரம்பரை என்று முத்திரை குத்தும் முன் அவற்றை விலக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு இது இன்னும் பொருந்தும். வைட்டமின் கே சார்ந்த காரணிகள் பிறப்பில் குறைவாக இருந்து ஆறு மாத அளவில்தான் பெரியவர்களின் நிலைக்கு வரும். ஆகவே லேசான ஹீமோஃபீலியா பி இருக்கிறதா என்று பிறந்தவுடனே உறுதியாகச் சொல்ல இயலாது. 8ஆம் காரணியை அப்போதே அளக்கலாம்.

மேற்சொன்ன எல்லாம் இயல்பாக வந்து, குழந்தைக்கு ரத்தம் கசிவது மட்டும் தொடர்ந்தால், சோதனையை நிறுத்தாதீர்கள். 13ஆம் காரணிக் குறைவு இந்த இரண்டு நேரங்களிலும் தெரியவே தெரியாது. தொப்புள்கொடியில் கசிந்த வரலாறும் பெற்றோர் நெருங்கிய சொந்தம் என்ற செய்தியும் சேர்ந்தால் அதைக் கேட்டே செய்ய வேண்டும். உறைந்த கட்டியை யூரியா கரைசலில் போட்டு, கரைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை உண்டு. அது கடுமையான குறைவை மட்டுமே காட்டும், ஐயம் இருந்தால் அளவையே அளக்க வேண்டும்.

ஏழாம் படி: கலப்புச் சோதனையும் காரணி அளவும்

ஏ.பி.டி.டி. நீண்டால் அடுத்தது கலப்புச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும் இயல்பானவர்கள் பலரின் கலந்த பிளாஸ்மாவையும் சம அளவில் சேர்ப்பார்கள். நேரம் இயல்புக்குத் திரும்பினால் ஏதோ ஒரு காரணி குறைவு. திரும்பாவிட்டால் உறைவைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் ஏதோ இருக்கிறது. 8ஆம் காரணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் மெதுவாக வேலை செய்வதால், கலவையை 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மீண்டும் பார்ப்பது வழக்கம். ஏற்கெனவே ஃபேக்டர் ஊசி (குறைந்த காரணியை ஈடுசெய்யும் மருந்து) போடும் நோயாளிக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றால் இதே சோதனை தேவைப்படும். கடைசி ஊசியின் தேதியையும் நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு காரணிகளைத் தனித்தனியே அளப்பார்கள். 8 அல்லது 9ஆம் காரணி 1 விழுக்காட்டுக்கும் கீழ் இருந்தால் கடுமையான ஹீமோஃபீலியா, 1 முதல் 5 வரை மிதமானது, 5க்கு மேல் 40 வரை லேசானது. லேசான ஏ வகையில் இரு வேறு அளவு முறைகள் வேறுபட்ட எண்களைத் தருவதுண்டு. மருத்துவர் இரண்டாம் முறையாலும் அளக்கச் சொன்னால் காசு பிடுங்குவதாக எண்ண வேண்டாம்.

8ஆம் காரணி குறைந்த எல்லாருக்கும் ஹீமோஃபீலியா என்றும் சொல்லிவிட முடியாது. அதைச் சுமந்து பாதுகாப்பது வான் வில்லிபிராண்ட் புரதம். 1926இல் பின்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் விவரித்த இந்நோய் ஆண், பெண் இருபாலருக்கும் வரும். புரதத்தின் அளவு, அதன் செயல்திறன், 8ஆம் காரணி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட வேண்டும். அளவு 30 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் நோய் உறுதி. 30க்கும் 50க்கும் இடையே இருந்தால் ரத்தக்கசிவு வரலாற்றோடு சேர்த்தே முடிவு செய்வார்கள். செயல்திறன் அளவைவிட வெகுவாகக் குறைந்தால் அது வான் வில்லிபிராண்ட் நோயின் இரண்டாம் வகை. ஓ குரூப் ரத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் இயல்பிலேயே கால் பங்கு வரை குறைவாக இருக்கும். ஒருமுறை எடுத்த முடிவை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது இந்த நோயில் அவசரப்படுவதாகும்.

தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ஈறிலும் மூக்கிலும் ஓயாமல் கசிந்தால், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் அக்ரிகேஷன் சோதனை செய்யப்படும். கிளான்ஸ்மன் நோயில், ஒட்டலைத் தூண்டச் சேர்க்கும் பொருள்களில் ஒன்றான ரிஸ்டோசெட்டினைத் தவிர மற்றத் தூண்டல்கள் எதற்கும் அவை ஒட்டுவதில்லை. பெர்னார்ட்–சூலியர் நோயில் தட்டணுக்கள் குறைந்தும் பெருத்தும் காணப்படும், ரிஸ்டோசெட்டினுக்குத்தான் ஒட்டாது.

எட்டாம் படி: மரபணுவும் கர்ப்பமும்

கேரியரான பெண்ணின் 8ஆம் காரணி முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ஆகவே அளவை மட்டும் பார்த்து அவர் கேரியர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மரபணுச் சோதனைதான் விடை. முதலில் நோயுள்ள ஆணின் மரபணுவில் பழுது எங்கே என்று கண்டறிந்து, பிறகு பெண்களிடம் அதே பழுதைத் தேடுவதே செலவு குறைந்த வழி. கடுமையான ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு இன்ட்ரான் 22 தலைகீழ் மாற்றம் எனும் ஒரே வகைப் பழுது இருப்பதால் அதையே முதலில் பார்ப்பார்கள். அண்ணனோ தம்பியோ உயிரோடு இருக்கும்போதே அவருடைய மாதிரியைக் கொடுத்துவைப்பது பின்னாளில் தங்கைகளுக்குப் பேருதவியாகும்.

கருவில் சோதிக்க விரும்பினால், சுமார் 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கலாம். தவறினால் 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர். கருவின் பாலினத்தைப் பெற்றோருக்குச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோயைப் பதிவுபெற்ற மையத்தில் கண்டறிவதை அதே சட்டம் அனுமதிக்கிறது. கருத்தரித்த பிறகு ஓடினால் பழுதைக் கண்டுபிடிக்கவே வாரங்கள் போய்விடும் என்பதால், குடும்பத்துக்கான மரபணு வேலையைத் திருமணத்துக்கும் கருவுக்கும் இடையிலேயே முடித்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: ரத்தம் கட்டும் பரம்பரை நோய்கள்

இளம் வயதில் தக்க காரணமின்றிக் காலிலோ நுரையீரலிலோ, மூளை, குடல் போன்ற வழக்கத்துக்கு மாறான இடத்திலோ ரத்தம் கட்டினாலும், நெருங்கிய உறவினருக்கும் அப்படி நேர்ந்திருந்தாலும் இந்தச் சோதனைகள் பயன்படும். இவற்றில் அவசரமே பகை. கட்டி உருவான நாள்களில் ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் தாமாகவே குறைந்திருக்கும். உறைவைத் தடுக்கத் தரும் மருந்துகளில் ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். வார்ஃபரின் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கும். உறைவைத் தடுக்கும் புதிய மாத்திரைகள் உறைதலை வைத்து அளக்கும் முறைகளைத் திரித்துவிடும். சிகிச்சைக் காலம் முடிந்து, மருத்துவர் வார்ஃபரினை நிறுத்திய பின் குறைந்தது இரண்டு வாரமாவது கழித்து எடுப்பதே பொருளுள்ள சோதனை. குறைவு என்று வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். மரபணுச் சோதனைகளை மட்டும் எந்த நாளிலும் எடுக்கலாம். 1994இல் அறியப்பட்ட ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஐரோப்பியர்களிடம் பரவலானது; நம்மிடம் அதைவிடக் குறைவு. தொகுப்புச் சோதனைகளில் சேர்த்து விற்கப்படும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுச் சோதனை இதற்குத் தேவையில்லை. அதைக் கேட்டு வாங்கிக் கவலையை விலைக்கு வாங்க வேண்டாம்.

பத்தாம் படி: ரிப்போர்ட் கைக்கு வந்த பின்

எண்ணோடு அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பும், எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஆய்வகத்தின் ஏ.பி.டி.டி. விநாடிகளோடு நேராக ஒப்பிடக் கூடாது. மூலப் பிரதியை லேமினேட் செய்யாமல் கோப்பில் வைத்து, கைபேசியில் ஒரு படமும் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், காரணியின் அளவு, ரத்த குரூப் ஆகியவற்றை எழுதிய அட்டை குழந்தையின் பள்ளிப் பையில் இருக்க வேண்டும். ரத்தம் கசியும் நோயுள்ளவருக்குத் தசையில் போடும் ஊசியும் ஆஸ்பிரினும் கூடாது என்பதைக் குடும்ப மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஹீமோஃபீலியா 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் காரணி அளவுள்ள ரிப்போர்ட் உதவும். தமிழக அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் மருந்து விலையில்லாமல் வழங்கப்படுவதால், உங்களுக்கு அருகில் எங்கே கிடைக்கிறது என்று அடுக்கம்பாறையில் விசாரித்து முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். கடுமையான ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அது ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை, கேட்டவுடன் கிடைப்பதன்று.

ஹீமோஃபீலியா ஏ நோய்க்கு, 8ஆம் காரணியின் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த மருந்து உடலில் இருக்கும் வரை ஏ.பி.டி.டி. இயல்பாகவோ அதைவிடக் குறைவாகவோ வரும். வழக்கமான முறையில் அளந்த 8ஆம் காரணியும் பொய்யாக உயர்ந்து தெரியும். மாட்டுப் புரதத்தைப் பயன்படுத்தி, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் குரோமோஜெனிக் முறையில் அளந்தால்தான் உண்மை அளவு கிடைக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை இந்தத் தாக்கம் நீடிக்கக் கூடும் என்பதால், ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் ரப்பர் பட்டையைக் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.